காய்ச்சல் இல்லை, களைப்பு

துனிஸ்
மே 14

மச்சான் முன்சிஃபுக்கு,

உன் குரலை இனிமேல் கேட்கமாட்டேன் என்று உன் தங்கை ரவ்தா முன்னால் சத்தியம் செய்தேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். ரவ்தா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். படிக்காமல் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். கட்டாயம் படிப்பாள்.

நீ மஸ்கட்டுக்குப் போகிறாய் என்று எனக்கு யார் சொன்னது தெரியுமா? நாம் விமானம் பழுதுபார்க்கும் ஹாங்கரின் வாசல் காவல்காரன். "உங்க மச்சான் வேலை அட்டையத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்றான். ஒன்றாகப் படித்தோம், ஒரே விமானத்தின் அடியில் கிடந்தோம், உன் தங்கையை எனக்குக் கட்டிக் கொடுத்தாய். கடைசியில் காவல்காரன் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

உன் பின்னாலேயே இன்னும் மூன்று பேர் வளைகுடாவுக்குப் பறந்துவிட்டார்கள். விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமம் உள்ளவர்கள் எட்டுப் பேர் இருந்த இடத்தில் நான்கு பேர் நிற்கிறோம். விமானம் எதுவும் குறையவில்லை. ஹஜ் பருவம் வேறு. இறங்கிய விமானம் சூடு ஆறுவதற்குள் மறுபடி ஜித்தாவுக்குக் கிளம்ப வேண்டும். பகல் ஷிஃப்ட் முடித்துவிட்டு நிமிர்ந்தால், இரவு ஷிஃப்ட்டுக்கு ஆள் இல்லை, நீயே நில் என்கிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை மச்சான், இதுதான் இப்போது வழக்கம்.

போன மாதம் எங்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். களைப்பின் ஆபத்து பற்றி. வெளியிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்து திரையில் படம் காட்டினார். பதினேழு மணி நேரம் விழித்திருப்பவன் குடித்தவனுக்குச் சமம் என்றார். களைப்பாக இருந்தால் சொல்லுங்கள், அதற்கென்று ஒரு தாள் இருக்கிறது, நிரப்பிக் கொடுங்கள், யாரும் உங்களைத் தண்டிக்க மாட்டார்கள் என்றார். ஷத்லி அண்ணன் கையைத் தூக்கினார். "ஸார், ஒரு சின்ன சந்தேகம். இந்த வகுப்பே நான் தூங்க வேண்டிய நேரத்துலதான் நடக்குது. இதுக்கும் அந்தத் தாள நிரப்பலாமா?" ஹாங்கர் தலைவர் ஹம்மாதி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். தாள்கள் இன்னும் அந்த மேசையிலேயே கட்டுப் பிரிக்காமல் இருக்கின்றன.

நேற்று வீட்டுக்கு வரும்போது அஸ்ஸஹ்ரா சிக்னலில் நின்றேன். பின்னால் ஹாரன் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். ஒருவன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான். "செத்துட்டீங்களோன்னு பார்த்தேன் அய்யா" என்றான்.

நீ போனால் உன் வேலை யார் முதுகில் விழும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தே போனாய். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

ஸுஹைர்


மஸ்கட்
மே 19

மாப்பிள்ளை ஸுஹைருக்கு,

கடிதம் கிடைத்தது. நாலாவது வரியிலேயே ரவ்தாவின் கட்டைவிரல் படத்தில் விழுந்திருக்கிறது. படித்திருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொல்லியிருந்தால் நீ ஒரு வார்த்தைதான் சொல்லியிருப்பாய்: "இரு." நானும் இருந்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை. எனக்கும் உன்னைப்போல முதுகு ஒன்றுதான்.

இங்கே சொர்க்கம் என்று நினைக்காதே. மே மாதத்திலேயே விமானத்தின் தோலைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. ஓர் அறையில் நான்கு பேர், நான்கு வெவ்வேறு ஷிஃப்ட். ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டிப் பகலை இரவாக்கித் தூங்குகிறோம். ஒருவன் எழுந்தால் மூன்று பேருக்குத் தூக்கம் போய்விடும்.

ஆனால் முறை என்று ஒன்று இங்கே இருக்கிறது. ஷிஃப்ட் தொடங்குமுன் கணினி முன்னால் உட்கார வேண்டும். எவ்வளவு நேரம் தூங்கினாய், எப்போது எழுந்தாய் என்று கேட்கும். பச்சை வந்தால் வேலை, சிவப்பு வந்தால் வீடு. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? சிவப்பு வந்தால் கூடுதல் வேலையும் அதற்கான காசும் கிடையாது. ஊரில் எல்லாருக்கும் கட்டி முடிக்காத வீடும், கல்யாணம் ஆகாத தங்கையும் இருக்கிறார்கள். அதனால் எல்லாரும் தினமும் எட்டு மணி நேரம் தூங்குகிறோம். என் அறைக்காரர், கேரளத்து ஆள், கண் இரண்டும் மிளகாய்போலச் சிவந்திருக்க, "நல்லாத் தூங்கினேன்" என்று பொத்தானை அழுத்துகிறார். நானும் அப்படித்தான்.

ஆனாலும் இங்கே ஒருவன் உண்மையைச் சொன்னால் அந்த நாள் அவனைத் தொடமாட்டார்கள். உனக்கும் தாள் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? அதைப் பிரித்து நிரப்ப என்ன கேடு? நான் போய்விட்டேன் என்று திரும்பத் திரும்பப் புலம்புகிறாயே, "முடியாது" என்று ஒரு தடவை ஹம்மாதி முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாயா? நீ என்றைக்குமே அப்படித்தான். படிக்கும் காலத்திலேயே அடுத்தவன் அடியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்து நிற்பாய். உனக்கு வாய் இல்லாததற்கு நான் என்ன செய்வது?

ஷத்லி அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். இந்த ஊரில் சிரிக்கவைக்க ஆள் இல்லை.

முன்சிஃப்


துனிஸ்
மே 30

முன்சிஃப்,

சொல்லிவிட்டேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நேற்று நடந்தது. ஒரு விமானத்தின் வால் சிறகை ஏற்றி இறக்கும் கம்பிகளை மாற்றியிருந்தார்கள். ஒருவர் பூட்டினால் இன்னொருவர் முதலிலிருந்து பார்த்து முத்திரை வைக்க வேண்டும், உனக்குத் தெரியும். பார்க்க வேண்டியவன் நான். முந்தின நாள் காலையிலிருந்து நிற்கிறேன். ஹஜ் பயணிகள் வந்துவிட்டார்கள். ஹாங்கர் கதவு வழியாகப் பார்த்தால் முனையத்தின் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைத் துணிகளாகத் தெரிகிறது, கிழவர்களும் கிழவிகளுமாக.

மேலே ஏறினேன். இணைப்பு ஆணி கழலாமல் பிடிக்கும் 'பின்' ஊசி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இருந்தது. அடுத்ததற்குப் போனேன். முதலாவதைப் பார்த்தேனா? திரும்பி வந்து பார்த்தேன். இருந்தது. நகர்ந்தவுடனே மறுபடி சந்தேகம். கண் பார்க்கிறது, மண்டைக்குள் எதுவும் போய்ச் சேரவில்லை மச்சான். கையில் முத்திரை. அப்படியே குத்தியிருக்கலாம். இதற்கு முன்னால் எத்தனை தடவை அப்படிக் குத்தினேன் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

இறங்கி வந்து ஹம்மாதியிடம் சொன்னேன்.

"ஹம்மாதி ஸார், நான் களைச்சுப் போயிருக்கேன். முத்திரை வைக்க மாட்டேன்."

அவர் காதில் போன் இருந்தது. அதைக் கையால் பொத்திக்கொண்டு, "என்ன?" என்றார்.

"பார்த்தது மனசுல நிக்கல. வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க."

"வேற யாரு ஸுஹைர்? எங்க அம்மாவக் கூப்பிடவா? நானுந்தான் களைச்சிருக்கேன். வெளியில நிக்கிறவங்க எல்லாருந்தான் களைச்சிருக்காங்க. அரை மணி நேரம். முடிச்சிட்டுப் போய்த் தூங்கு."

"முடியாது."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். நான் மேசையில் இருந்த அந்தக் களைப்புத் தாள்களின் கட்டைப் பிரித்து முதல் தாளை எடுத்து அவர் முன்னாலேயே நிரப்பினேன். தூக்கக் கலக்கத்தில் என் பெயரையே தப்பாக எழுதினேன்.

ஷத்லி அண்ணன் அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து சட்டை மாற்றிக்கொண்டு, பையில் சூரியகாந்தி விதையோடு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஹம்மாதி அவரைக் கூப்பிட்டார். அவர் என்னைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார். "குடு அந்த டார்ச்ச. புது மாப்பிள்ளை மாதிரி முகத்தக் கவுத்துக்கிட்டு நிக்காத" என்றார். ஏறிப் பொறுமையாகப் பார்த்தார். "எல்லாப் பின்னும் இருக்கு. நீ பார்த்தது சரிதான். போய்த் தூங்கு" என்றார். முத்திரை வைத்தார். விமானம் போனது. ஜித்தாவில் ஒழுங்காக இறங்கியது. எல்லார் முன்னாலும் நான் முட்டாள் ஆனேன்.

ஹம்மாதி என் அட்டையை வாங்கிக்கொண்டார். "கூப்பிடுறவரைக்கும் வராத" என்றார். என் ஷிஃப்ட்டில் மிச்சம் இருந்ததை ஷத்லி அண்ணன் தலையில் கட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து விழுந்தவன் இன்று விடியும்போதுதான் எழுந்தேன். இப்படித் தூங்கி வருடக்கணக்காகிறது. எழுந்து உட்கார்ந்து கொண்டைக்கடலை லப்லாபி இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். ரவ்தா என்னை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் தலைக்குள் இருந்த இரைச்சல் நின்றிருக்கிறது.

ஸுஹைர்


மஸ்கட்
மே 30

மாப்பிள்ளை!

அப்படிப் போடு! படித்துவிட்டு அறையில் சத்தமாகச் சிரித்தேன், தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் செருப்பை எறிந்தார்கள். ஹம்மாதி அம்மாவை ஏணியில் ஏற்றிப் பார்க்க எனக்கு ஆசை.

நீ முட்டாள் இல்லை. அந்தப் பின் ஊசி இருந்தது என்பதால் நீ செய்தது தப்பாகிவிடாது. எண்ணிப்பார், அது இல்லாமல் இருந்திருந்தால்?

அட்டையை வாங்கினால் வாங்கட்டும். அவர்களுக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை, ஒரு வாரத்தில் கெஞ்சிக்கொண்டு வருவார்கள். அதுவரை தூங்கு, சாப்பிடு, ரவ்தாவைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போ. ஷத்லி அண்ணனிடம் சொல், அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஓமான் அல்வா ஒரு பெட்டி அவருக்கு மட்டும் தனியாக. உனக்குக் கிடையாது.

முன்சிஃப்


துனிஸ்
ஜூன் 3

முன்சிஃப்,

ரவ்தா உன்னிடம் போனில் சொல்லியிருப்பாள். நான் எழுத வேண்டும் என்று மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சிரித்துக்கொண்டே கடிதம் எழுதிய அன்றைக்குக் காலையில்தான். ஷத்லி அண்ணன் என் வேலையையும் தன் வேலையையும் முடித்து, அதோடு விடாமல் இன்னொரு விமானத்துக்கும் நின்றிருக்கிறார். விடிந்து நன்றாக வெயில் ஏறிய பிறகு காரில் வீட்டுக்குக் கிளம்பினார். நெடுஞ்சாலையில் குரும்பாலியா ஊருக்குப் பிரியும் வழிக்குச் சற்று முன்னால் ஒரு லாரி ஓரமாக நின்றிருந்தது. சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நேராகப் போய் இடித்திருக்கிறார். சாலையில் பிரேக் போட்ட தடமே இல்லை. அவர் வீட்டுக்கு அங்கிருந்து பத்து நிமிடம்.

லாரிக்காரன் என்னிடம் அழுதான். "கையக் காட்டினேன் அய்யா, கத்தினேன். கண்ண மூடிக்கிட்டே வந்தாரு" என்றான்.

துக்க வீட்டுக்குப் போனேன். தெருவில் நாற்காலி போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஓதிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மனைவி ஸல்ஹா அண்ணி வெளியே வந்தார். யாரோ தடுத்தார்கள், தள்ளிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"நல்லாத் தூங்கினியா ஸுஹைர்?"

நான் எழுந்து நின்றேன்.

"கேக்குறேன்ல. நல்லாத் தூங்கினியா? அவரு போன்ல சொன்னாரு. 'ஸுஹைர் பாவம், வீட்டுக்குப் போயிட்டான், அவன் வேலையும் நாந்தான் பார்க்குறேன், வர லேட்டாகும்'னாரு. பாவம்னு சொன்னாருடா உன்ன."

ஹம்மாதி எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை. வைத்த சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

உன் வேலை யார் முதுகில் விழும் என்று நான் உன்னைக் கேட்டதையே அந்த அம்மா என்னைக் கேட்டுவிட்டார் மச்சான். முதுகு ஒன்றுதான் என்று நீ சொன்ன பதில்தான் எனக்கும் இருக்கிறது. அதை அவரிடம் சொல்ல முடியாது.

ஸுஹைர்


மஸ்கட்
ஜூன் 9

மாப்பிள்ளை,

ஆறு நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன்.

வாய் இல்லையா என்று உன்னைக் குத்திக் காட்டியவன் நான். நீ சொன்னாய். அங்கிருந்து வண்டி எங்கே போய் இடித்தது பார். இதை எப்படிச் சுற்றி யோசித்தாலும் என் அறைக் கதவில்தான் வந்து நிற்கிறது. நீ இல்லை என்பாய். சொல்லாதே.

அந்தச் செய்தி வந்த அன்று கணினி முன்னால் உட்கார்ந்தேன். எவ்வளவு தூங்கினாய் என்று கேட்டது. ஒன்றுமில்லை என்று போட்டேன். சிவப்பு வந்தது. மேற்பார்வையாளர் திரையைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "ரூமுக்குப் போ" என்றார். போனேன். என் இடத்தில் யாரை நிறுத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மறுநாள் தெரிந்தது, கேரளத்துக்காரர்.

ரவ்தா இன்னொன்றும் சொன்னாள். ஹம்மாதி உன் வீட்டுக்கு வந்திருக்கிறார். அன்றைக்கு உனக்குக் காய்ச்சல் இருந்தது என்று எழுதிக் கொடுத்தால் அட்டையைத் திருப்பித் தருவார்களாம், நீ நிரப்பிய தாளைத் தூக்கி எறிந்துவிடுவார்களாம். நீ பாட்டுக்குக் காபியைக் குடித்தாயாம்.

எழுதிக் கொடு ஸுஹைர். ஷத்லி அண்ணன் திரும்பி வரப் போவதில்லை. ஒரு வார்த்தைதானே? காய்ச்சல் வராத மனிதன் உண்டா? என் தங்கை தூங்கவில்லை என்று குரலிலேயே தெரிகிறது. இல்லையென்றால் இங்கே வா. ஆள் எடுக்கிறார்கள், உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டில் ஒன்றைச் செய். வீம்பு பிடிக்காதே.

முன்சிஃப்


துனிஸ்
ஜூலை 6

மச்சானுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. கோபம் இல்லை. என்ன செய்வது என்று எனக்கே தெரியாமல் எழுதி என்ன பயன்?

ஹம்மாதி கொண்டுவந்த தாள் சமையலறை மேசையில் நான்கைந்து நாள் கிடந்தது. ரவ்தா அதைச் சுற்றித் துடைப்பாள், தொடமாட்டாள். ஒரு நாள் சாயங்காலம் நான் பேனாவை எடுத்துவிட்டேன். மறைக்க மாட்டேன், எழுதத்தான் எடுத்தேன். அப்போது கதவைத் தட்டினார்கள். ஸல்ஹா அண்ணி.

உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. துக்க வீட்டில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வந்திருப்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"கம்பெனிலருந்து எழுதிருக்காங்க. ஓட்டுநரோட கவனக்குறைவாம்" என்றார். "இருபத்தாறு வருஷம் அவரு பக்கத்துல உக்காந்து போயிருக்கேன். ஒரு பூனை குறுக்க வந்தாக்கூட நிறுத்தி அது போறவரைக்கும் பார்ப்பாரு. கவனக்குறைவாமே. எம் பிள்ளைங்க அதப் படிக்கணுமா?"

"அண்ணி, நான் என்ன செய்யணும்?"

"அந்த ஹாங்கர்ல அன்னிக்கு யாரும் களைச்சுப் போகலன்னு எழுதிருக்காங்க. நீ களைச்சிருந்தியா இல்லையா? அதச் சொல்லு. உன்னய மன்னிக்கிறதுக்கு நான் வரல. அத அப்புறமாப் பார்த்துக்கலாம்."

அவர் போன பிறகு ரவ்தாவைப் பார்த்தேன். "என்னப் பார்க்காத. பேனா உன் கையிலதான இருக்கு" என்றாள். உன் தங்கை அல்லவா.

காய்ச்சல் இல்லை, களைப்பு என்று எழுதினேன். எனக்கு எப்போதிலிருந்து களைப்பு, என் மிச்சத்தை யார் செய்தார், அவர் எப்போதிலிருந்து விழித்திருந்தார், எல்லாம் எழுதினேன். விசாரணைக்காரர்களுக்கு ஒரு பிரதி, ஹம்மாதிக்கு ஒரு பிரதி, ஸல்ஹா அண்ணிக்கு ஒன்று. ஒரு மாதம் ஆகப் போகிறது. விசாரணை நடக்கிறது என்கிறார்கள். கவனக்குறைவு என்ற வார்த்தை இன்னும் அப்படியே இருக்கிறது. என் அட்டை வரவில்லை. ஹாங்கரில் ஓர் அறையைக் காலி செய்து நான்கு கட்டில் போட்டிருக்கிறார்களாம். கதவு ஹம்மாதியின் அறைக்கு நேர் எதிரே. அதனால் யாரும் படுப்பதில்லையாம்.

மஸ்கட்டுக்கு வரவில்லை. வந்தால் இங்கே மூன்று பேர் இரண்டாகிவிடுவார்கள். நான் இப்போதே கணக்கில் இல்லைதான், தெரியும். ஆனாலும் கால் எழவில்லை.

இப்போது என்ன செய்கிறேன் என்று சொன்னால் சிரிப்பாய். வேலை போனவனுக்குத் தூக்கம் நிறைய. ஊரிலேயே நன்றாகத் தூங்கியவன் நான் ஒருவன்தான். ஒரு நாள் காலையில் எழுந்து, என்ன நினைத்தேனோ, காரை எடுத்துக்கொண்டு ஹாங்கர் வாசலுக்குப் போனேன். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களிடம், "சாவிய வச்சிட்டு ஏறு, வீட்டுல விடுறேன்" என்றேன். காவல்காரன் என்னைப் பைத்தியம் என்று நினைத்தான். முதல் நாள் யாரும் ஏறவில்லை. "நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்றார்கள். ஒருவன், "டாக்ஸி வேலைக்கு உரிமம் வாங்கியாச்சா?" என்று கிண்டல் பண்ணினான். மறுநாளும் போனேன். அன்றைக்கு ஒருவன் ஏறினான். இப்போது தினமும் இரண்டு பேர், மூன்று பேர். ஒருவரை ரதேஸில், ஒருவரை மோர்னாக்கில் இறக்குகிறேன். குரும்பாலியா பக்கம் போகிற ஆள் இப்போது யாரும் இல்லை.

இன்று காலை ஏறியவர்களை இறக்கிவிட்டு வாசலுக்குத் திரும்பியபோது கதவு திறந்தது. ஹம்மாதி வந்தார். தன் காரிடம் போய்ச் சாவியைப் போட முயன்றார், இரண்டு முறை கீழே விழுந்தது. அப்புறம் திரும்பி என் காரைப் பார்த்தார். நான் கூப்பிடவில்லை. அவராகவே வந்து முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

நான் கிளப்பினேன். விமான நிலையச் சாலையைத் தாண்டினோம்.

"காய்ச்சல்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா இன்னிக்கு நீ உள்ள இருந்திருப்பே" என்றார்.

"உள்ள இருந்திருந்தா உங்கள யாரு ஹம்மாதி ஸார் கொண்டுபோய் விடுறது?"

திரும்பிப் பார்த்தால் தூங்கியிருந்தார். வாய் திறந்து, கழுத்து தொங்கி, குழந்தையைப் போல. நரைத்த தாடி, நான்கு நாள் சவரம் செய்யாதது. இந்த ஆளை நான் மனதுக்குள் எத்தனை தடவை கொன்றிருப்பேன் தெரியுமா?

அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். எழவில்லை. வீட்டுக் கதவைத் திறந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். எழுப்ப வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அந்த அம்மா உள்ளே போய் ஒரு துணியைக் கொண்டுவந்து, வெயில் அவர் முகத்தில் விழாதபடி கார்க் கண்ணாடியில் தொங்கவிட்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை இங்கே, ஹம்மாதி பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவர் இன்னும் எழவில்லை.

ஸுஹைர்